அந்தியில் மானின் தூரம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் எது?

டெக்சாஸில் லானோ கவுண்டி பக்கம் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். நவம்பர் தொடக்கத்தில் துப்பாக்கி சீசன் வந்துவிடும். அதற்குள் வேறு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கியாக வேண்டும்.

இப்போது இருப்பது 6 மடங்கு உருப்பெருக்கம், 21 மி.மீ. லென்ஸ், கறுப்பு எல்சிடி எழுத்து. பெட்டியில் 1000 கெஜம் என்று போட்டிருக்கிறது. அது பளபளக்கும் பலகைக்கான கணக்கு. மானின் ரோமம் அவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பாது. சரி, எனக்கு 250 கெஜம் போதும். அதற்கே தகராறு. மான் புல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கும்; முன்னால் ஆடும் புல் தாளில் லேசர் பட்டு 38 என்று காட்டும். அந்தியில் இன்னும் மோசம். சிடார் மரப் புதரின் இருட்டில் கறுப்பு எழுத்து தெரியவே தெரியாது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம், மான் வெளியே வருவதே அப்போதுதான்!

புது சிஆர்2 பேட்டரி போட்டாயிற்று, லென்ஸைத் துடைத்தாயிற்று, முக்காலியில் வைத்தும் பார்த்தாயிற்று. தூரத்துப் பொருளைப் பிடிக்கும் மோடுக்கு மாற்றினால் மானை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் ஓக் மரத்தை அளக்கிறது. கடையில் வாரன்டி முடிந்தது என்று கைவிரித்துவிட்டார்கள்.

கண் வைத்திருப்பது இரண்டு: லியூபோல்ட் ஆர்எக்ஸ்-1400ஐ, வோர்டெக்ஸ் ரேஞ்சர் 1800. முதலாவதில் சிவப்பு எழுத்து, ஆனால் 5 மடங்குதான். சரிவுக்கு ஏற்ற தூரத்தை இரண்டுமே சொல்லும்.

அந்தி வெளிச்சத்தில், புல் மறைக்கும் மானை 250 கெஜத்தில் இவற்றில் எது சரியாக அளக்கிறது?