பச்சை டயல் வாட்ச்: அசலா, பெயின்ட் அடித்ததா?
ஹட்டன், நுவரெலியா பக்கம் வாட்ச் பற்றித் தெரிந்த அண்ணாமார் யாராவது இருக்கிறீர்களா? கண்டியில் ஒருவரிடம் லிமிடெட் எடிஷன் என்று ஒரு பச்சை டயல் வாட்ச் வாங்கினேன், பின்மூடியில் இலக்கமெல்லாம் இருக்கிறது, ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆறு மணிக்குக் கீழே ‘சுவிஸ் மேட்’ எழுத்து மட்டும் மை ஊறியது போலத் தெரிகிறது. டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் மதிப்பே போச்சு. 2021இல் சுவிஸ் வாட்ச் கம்பெனியான படேக் பிலிப் 170 மட்டும் செய்த, டிஃபனி நகைக்கடையின் நீல நிற டயல் கொண்ட நொட்டிலஸ் வாட்ச்களில் முதலாவது, ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனதே அந்த டயல் நிறத்துக்காகத்தானே!

அப்புறம், விடியற்காலைக் குளிரில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிகிறது. அரிசிக்குள் புதைத்து வை என்கிறார் மாமா, நான் மாட்டேன். டயலில் கீறல் விழாமல் திறந்து பார்த்து, ரப்பர் வளையத்தையும் மாற்றித் தரக்கூடிய நம்பிக்கையான ஆள் கண்டியிலோ கொழும்பிலோ இருந்தால் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.