அடிமுறை கேம்: சண்டையும் வளர்ச்சியும் எங்கே இடிக்கிறது?

களியக்காவிளை:
அடிமுறை, தெக்கன் களரி என்ற தென்கோடிச் சண்டைக்கலைகளை வைத்துச் செய்த கேம் டெமோக்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே குறைதான். ஆசானை வைத்து எடுத்த மோஷன் கேப்சரை (உடலசைவுப் பதிவை) வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே ஓட விடுகிறார்கள். ஆசான் கை கிளம்புவது கண்ணுக்குத் தெரியாது, அவருக்கு அதுதான் பெருமை. கேமில் அது ஆடுகிறவனைக் கடுப்பேற்றும். கண்ணில் பட்டு விரல் அசையவே கால் நொடி ஆகும். அதன்மேல் டச் ஸ்கிரீன் தாமதம் வேறு. எதிரிக்கு ஓங்கல் (அடிக்குமுன் கை ஓங்குவது) 0.5 நொடி, அடி 0.1, மீளல் (அடித்தபின் பழைய நிலைக்குத் திரும்புவது) 0.6 என்று தொடங்குங்கள். ஆடுகிறவனின் ஓங்கல் 0.12 போதும்.

முழு கிளிப்பையும் இழுத்தால் தண்ணிக்குள் சண்டை போடுவது போல இருக்கும். சுவட்டின் (காலடி வைப்பின்) உச்சநிலையில் மட்டும் நிறுத்திப் பிடித்து, சட்டென்று விடவேண்டும். அடி பட்டதும் இரண்டு பேரையும் 0.06 நொடி உறைய வையுங்கள். புழுதியும் கேமராவும் ஓடட்டும். பட்டன் நினைவு (முந்தித் தட்டியதைக் கேம் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 0.15 நொடி. அது 0.3-ஐத் தாண்டினால், கட்டைவிரலை எடுத்த பிறகும் ஆள் ஒரு அடி கூட அடிப்பான். எல்லாமே நொடிக் கணக்கில் இருக்கட்டும். 60 ஃபிரேமில் (நொடிக்கு 60 படம்) எண்ணி எழுதினால் 30 ஃபிரேம் போனில் சண்டை பாதி வேகத்தில் நகரும்.

பாறசாலை:
அண்ணாச்சி, சுருள்வாளையும் (வளையும் நீளத் தகட்டு வாள்) சேர்த்துக்கிடுங்க. ஒன்றரை மீட்டர் எட்டும் வாள் 0.15 நொடியில் அரைவட்டம் அடித்தால், 30 ஃபிரேமில் நுனி ஒரு ஃபிரேமுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தாவுகிறது. நடுவில் நிற்கிற ஆளுக்கு அடியே விழாது. போன ஃபிரேம் இடத்திலிருந்து இந்த ஃபிரேம் இடம்வரை வாள் கடந்த பரப்பு முழுவதையும் சோதிக்கணும். வளைவு காட்ட எட்டுப் பத்து எலும்பு (அனிமேஷன் மூட்டு) கொண்ட சங்கிலி போதும். அடிக் கணக்கை அதோடு கட்டாதீங்க, ஒவ்வொரு வீச்சுக்கும் எட்டும் தூரம் மாறிப்போகும்.

கூட்டம் சூழும்போது ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அடிக்க அனுமதி. திரைக்கு வெளியே நிற்பவனுக்கு அதுவும் கிடையாது.

சித்தூர், பாலக்காடு:
வளர்ச்சிப் பக்கம் வருவோம். கேம்களில் வெறுங்கையில் தொடங்கி ஆயுதம் சேர்ப்பதுதான் வழக்கம். வடக்கன் களரியில் வரிசையே வேறு: மெய்த்தாரி (உடற்பயிற்சி), கோல்த்தாரி (மர ஆயுதம்), அங்கத்தாரி (உலோக ஆயுதம்), கடைசியில்தான் வெறுங்கை. தெக்கன் வெறுங்கையில் தொடங்கும். இரண்டையும் இரண்டு பாதையாக விட்டால், வெறுங்கை ஒருவனுக்கு முதல் பாடம், இன்னொருவனுக்குப் பரிசு. ஆயுதக் கடை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தாக்குதலிலிருந்து தற்காப்பைக் கழிக்கும் சூத்திரம் வேண்டவே வேண்டாம். தற்காப்பு 15 இருக்கும்போது தாக்குதல் 20 என்றால் சேதம் 5; தாக்குதல் 25 ஆனால் 10. ஒரு வாள் மாற்றினதுக்கு இரட்டிப்பு! தாக்குதல் × 100 ÷ (100 + தற்காப்பு) என்று வைத்தால் தற்காப்பு 100-இல் பாதி, 300-இல் கால்வாசி. எங்கேயும் பூஜ்யம் ஆகாது.

வர்மத்தை ‘10 சதவீத கிரிட்டிக்கல்’ (பத்தில் ஒரு தடவை தற்செயலாக விழும் பேரடி) ஆக்குகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. இடமும் நேரமும் பார்த்துத் தொடுவது அது, பகடை உருட்டுவதில்லை. மரபில் வர்மப் புள்ளிகள் 108: படுவர்மம் (உயிருக்கே ஆபத்தானவை) 12, தொடுவர்மம் (அதைவிடக் கடுமை குறைந்தவை) 96. அத்தனைக்கும் ஐகான் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்; எட்டு போதும். எதிரி மீளலில் இருக்கும்போது மட்டும் தொடுவர்மம் பிடிக்கட்டும். கை தளர்வது, மூச்சு முட்டுவது என்று விளைவு தனித்தனி. மூன்று விளைவு சேர்ந்தால்தான் படுவர்மம் திறக்கணும். அடங்கல் (வர்ம அடி பட்டவரை மீட்கும் முறை) தெரியாதவனுக்கு அடி சொல்லிக்கொடுக்கக்கூடாது என்பார்களே, அதையே விதியாக்குங்கள்: ஒரு வர்மத்தின் அடங்கலைக் கற்ற பிறகே அதன் அடி. குணப்படுத்தும் திறன்களுக்கு ஸ்கில் ட்ரீ என்று தனியாக ஒன்று தேவைப்படாது.

களியக்காவிளை:
சரிதான் தம்பி, ஆனா பாஸ் எதிரிக்கு (கட்டத்தின் பெரிய எதிரி) கை தளர்ச்சி திரும்பத் திரும்ப விழுந்தா அவன் நின்ன இடத்திலயே சாவான். அதே விளைவு இரண்டாம் தடவை பாதி நேரம், மூன்றாம் தடவை பிடிக்காது, 20 நொடி கழித்துப் பழையபடி என்று வையுங்க.

லெவல் ஏற்றத்தையும் கவனிக்கணும். லெவலுக்கு 10 சதவீதம் கூட்டினா 20 லெவலில் பலம் 6.7 மடங்கு, தாக்குதல் பட்டனை மட்டும் தட்டியே ஜெயிப்பான், ஓங்கலும் மீளலும் பார்த்து வைத்தது வீண். 4 சதவீதம்னா 2.2 மடங்குதான். 20 லெவல் ஆளை முதல் ஊருக்குத் திருப்பி அனுப்பி, விலகும் பட்டனை முடக்கிவிட்டு ஆடச் சொல்லுங்க. அடியே வாங்காம ஜெயிச்சா அந்த சதவீதத்தைக் குறைக்கணும்.