தக்காளியில் இலைதான் அடர்த்தி, காய் இல்லை. எந்தக் கிளையை ஒடிப்பது?

கேட்டவர், தலவாக்கலை:
எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் 12 தக்காளிக் கன்று நட்டேன். தோளுயரத்துக்குப் புதராகிவிட்டது, காய் மொத்தமே ஏழெட்டு. பூவும் உதிர்கிறது. தேயிலை போலக் கவாத்து செய்தால் நல்லது என்று நாலு செடியின் தலையை வெட்டினேன். அதிலும் இலைதான் கூடியது. இரண்டு செடியில் அடி இலை கருக்கிறது. மழையும் தொடங்கிவிட்டது. ரொம்பக் கவலையாக இருக்கிறது.

வெலிமடை அண்ணன்:
தங்கச்சி, மிச்ச எட்டின் தலையைத் தொடாதீர்கள். தேயிலையில் நமக்குக் கொழுந்து வேண்டும், அதனால் வெட்டுகிறோம். தக்காளியின் உச்சியை வெட்டினால் பக்கத் தளிர்கள்தான் கிளம்பும். என்ன இனம்? ரோமா போன்ற குட்டை இனம் என்றால் முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ள தளிர்களை மட்டும் எடுத்தால் போதும். யூரியா போட்டீர்களா?

கேட்டவர்:
இனம் தெரியாது அண்ணே. நிற்காமல் ஏறுகிறது. யூரியா இரண்டு தரம் போட்டேன்.

வெலிமடை அண்ணன்:
அப்போ அது ஏறும் இனம். யூரியாவை நிறுத்துங்கள், இலை மதமதப்புக்கு அதுவும் காரணம். தண்டும் இலைக்காம்பும் சேரும் கவட்டில் முளைக்கும் தளிரைத்தான் எடுக்க வேண்டும். பூங்கொத்து கவட்டில் வராது, நேரே தண்டிலிருந்து வரும், பார்த்து ஒடியுங்கள். இரண்டு அங்குலத்துக்குள் என்றால் விரலால் மடக்கினாலே முறியும். முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே உள்ள தளிரை மட்டும் இரண்டாம் தண்டாக விடலாம். தலை வெட்டிய நாலிலும் தடித்த தளிர் ஒன்றைத் தேர்ந்து கம்பில் ஏற்றுங்கள்.

நுவரெலியா அக்கா:
தம்பி சொல்வது சரி, ஆனால் மழைக்காலத்தில் இரண்டு தண்டு வேண்டாம். ஒற்றைத் தண்டு என்றால்தான் இலையின் ஈரம் சீக்கிரம் காயும். தங்கச்சி, அந்தக் கருப்பைக் கவனியுங்கள். ஈரக் காலையில் இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால், உருளைக்கிழங்கை அழிக்கும் அதே கருகல் நோய். அந்தச் செடிகளைப் பிடுங்கி, தூரமாகப் புதைத்துவிடுங்கள். மற்றவற்றில் நிலத்திலிருந்து ஓரடி வரை உள்ள இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஈரத்தில் ஒடிக்கவே கூடாது. அடியில் மானாப்புல் பரப்பினால் மண் தெறிக்காது. மேலே பொலித்தீன் கூரை போடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும்.

பூ உதிர்வதற்கு இரவுக் குளிரும் காரணமாகலாம். 13 பாகைக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. எங்கள் ஊர் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், கூரை இல்லாமல் நான் தக்காளி நடுவதே இல்லை. வெயில் வந்ததும் பூங்கொத்தை மெதுவாகத் தட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
வெள்ளைப் பூசணம் இருந்தது அக்கா, இரண்டையும் புதைத்துவிட்டேன். இன்று மழை விட்டு இலை காய்ந்ததும் மற்றவற்றில் தளிர் ஒடித்து, பழைய சீலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டினேன். ஒடித்த தளிரை நட்டால் வருமா?

வெலிமடை அண்ணன்:
வரும். நோயில்லாத செடியில் எடுத்ததா பாருங்கள். அரையடித் தளிராக இருந்தால் நல்லது. கீழ் இலையைக் கிள்ளிவிட்டு நிழலில் ஈர மண்ணில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும்.