கணக்கில் எழுதாத டப்பா: கூட இருந்து போனவர்களைப் பற்றி உங்களை விடாத ஒரு சந்திப்பு

கணியம்பாடிக்காரன்:

பட்டாளத்தில் இறந்தவனின் பெட்டியைத் திறந்து பொருள்களை எண்ணுகிற போர்டில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஆள் போன மூன்றாம் நாள், ஓர் அதிகாரி, ஒரு ஜேசிஓ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி), அப்புறம் பக்கத்துக் கட்டில்காரன் என்பதால் நான். அவனுடைய கருப்பு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, கிளார்க் எழுதிக்கொண்டே வந்தான். கைலி 2. சிவில் ஸ்வெட்டர் 1. எல்ஐசி ரசீது. ஜம்முவில் வாங்கிய கொலுசு ஒரு ஜோடி, பஞ்சில் சுற்றி ஷேவிங் டப்பாவுக்குள் இருந்தது. சண்டையில் போனவன் இல்லை அவன். மலைப்பாதையில் வண்டி சரிந்து போனவன்.

பெட்டியின் அடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியில்லை, தாள் போட்டு நூலால் கட்டியிருந்தான். உள்ளே எள்ளு மிளகாய்ப்பொடி, கால் டப்பா இருக்கும். அடிப்பக்கத்தில் அவன் அம்மா பெயரின் முதல் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. லீவு முடிந்து காட்பாடியில் ஹிம்சாகர் ரயில் ஏறினோமே, அன்றைக்கு அந்தம்மா ஜன்னல் வழியாக அதைக் கொடுத்தபோது நானும் அதே ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி நல்ல மனிதர். தின்கிற பொருள் லிஸ்டில் வராது, ஏதாவது செய்துவிடு என்றார். அன்று ராத்திரி லங்கரில், பட்டாளச் சமையல்கூடத்தில், ஒன்பது பேர் அந்தப் பொடியை ரொட்டிக்குத் தொட்டுத் தின்றோம். எண்ணெய்கூட ஊற்றவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. டப்பாவைக் கழுவி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

பென்ஷன் வந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "பெட்டி வந்துச்சிப்பா. எல்லாம் சரியா கீது. எம் பொடி டப்பா மட்டும் வரல. அத்த இன்னா பண்ணாங்க?" தெரியலம்மா என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் அது என் வீட்டு அடுப்படியில், கடுகு போட்டு, வேறொரு டப்பாவின் மூடியோடு இருந்தது. பதினோரு வருடம் ஆகிறது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. உங்களில் யாருக்காவது இந்த மாதிரி இருந்தால் எழுதுங்கள்.

லாங் பஜார் கடைக்காரர்:

நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை, தாத்தா பர்மாவுக்குப் போனவர், அவ்வளவுதான். நம் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது, தெரியும்தானே? இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் வெட்டியிருக்கும். நானே முப்பது வருடம் அதைப் படிக்காமல்தான் அந்த வழியே போய்வந்தேன்.

ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர், கையில் புளி வாங்கிய பை, பஜார் நெரிசலில் தள்ளுவண்டிக்காரன் நகரு நகரு என்று கத்திக்கொண்டிருக்கிறான், இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கல்லுக்கு முன்னால் விறைப்பாக நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு வெங்காயம் விலை கேட்கப் போய்விட்டார். சொந்தக்காரங்க யாராவது அதிலே இருக்காங்களா என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். "பேரே இல்லியேப்பா, யாருன்னு தெரியும்? எல்லாருக்கும்தான்" என்றார். பதினான்கு பேரில் ஒருத்தர் பெயர்கூட அதில் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மக்கான் சிக்னலில் 1806 சிப்பாய்ப் புரட்சிக்குத் தூண் இருக்கிறது, வருடா வருடம் ஜூலை 10 அன்று கலெக்டர் வந்து மலர்வளையம் வைக்கிறார், நல்ல காரியம். இந்தப் பதினான்கு பேருக்கு அந்தப் புளிப் பைக்காரர் ஒருத்தர்தான் வந்தார்.

ஆற்காட்டு மகள்:

கணியம்பாடி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து கையெல்லாம் நடுங்குகிறது. அண்ணா, நான் அந்தப் பக்கத்து ஆள். பெட்டி வந்த வீட்டுப் பெண்.

எங்கப்பா இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர், 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். எனக்கு நாலு வயசு. இப்போது மாதிரி உடலை ஊருக்குக் கொண்டுவருவது அப்போது வழக்கம் இல்லை, கார்கில் போருக்குப் பிறகுதான் அது வழக்கமானது. எங்களுக்குத் தந்தி வந்தது, அப்புறம் பெட்டி வந்தது. கொள்ளி வைக்க முகம் இல்லை. பாட்டி பெட்டியில் இருந்த சட்டையை விரித்துப் போட்டு அதற்குத்தான் மாலை போட்டார்.

1990இல் படையெல்லாம் திரும்பி வந்த சில மாதம் கழித்து ஒருத்தர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அப்பா பெயரைச் சொல்லி இது அவர் வீடுதானே என்று கேட்டார், ஆமாம் என்றதும் அதற்கு மேல் பேச்சே இல்லை. பாட்டி மோர் கொடுத்தார், குடித்தார். இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் பார்த்தேன். என்னுடைய ரப்பர் செருப்பில் வார் பிய்ந்து கிடந்தது. அதை எடுத்து, தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அடியில் குத்தி, இழுத்துப் பார்த்து, என் காலில் மாட்டிவிட்டார். போய்விட்டார். பெயர் சொல்லவில்லை. அந்த ஊக்கு துருப்பிடித்து உடையும்வரை வேறு செருப்பு வேண்டாம் என்று அடம்பிடித்திருக்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன், அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்பா வலியில் துடித்தாரா, தண்ணீர் கேட்டாரா, என் பெயரைச் சொன்னாரா. எதுவாக இருந்தாலும் சொல்லியிருக்கலாம். நீங்களெல்லாம் எங்களுக்குத் தாங்காது என்று நினைத்துப் பேசாமல் போகிறீர்கள். எங்களுக்குத் தாங்காதது அந்தப் பேசாமல் போவதுதான் அண்ணா. டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தின்றோம் என்றும் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி:

மன்னிக்கணும், ஒன்று சொல்லியே ஆகவேண்டும். வண்டி சரிந்து இறந்ததையும் சுடப்பட்டு இறந்ததையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஊரில் எல்லாவற்றுக்கும் வீரமரணம் என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். என் கூட இருந்தவன் கண் முன்னால் குண்டடி பட்டான், அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது என் தோளில் அவன் வாட்ச் டிக் டிக் என்று காதுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் நின்றுவிட்டான், வாட்ச் நிற்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன். வேறு உள்நோக்கம் இல்லை.

கம்மவான்பேட்டை:

சத்துவாச்சாரி அண்ணே, உங்கள் வலி புரிகிறது, ஆனால் இந்தக் கணக்கு வேண்டாம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆவது பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்களே, நம் வேலூர் மாவட்டத்துக்காரரும் அதில் ஒருவர், அங்கே எந்த எதிரி சுட்டான்? 19,600 அடியில் நின்றதுதான் அவர்கள் செய்தது. ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்த ஹனுமந்தப்பாவும் 11ஆம் தேதி டெல்லியில் போய்விட்டார். அவர்களை எந்தத் தட்டில் வைப்பீர்கள்? அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டியவனை யார் அனுப்பினார்களோ, அவர்கள்தான் உங்களையும் அனுப்பினார்கள்.

எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள், வீட்டுக்கு ஓர் ஆளாவது பட்டாளத்தில் இருப்பார். ஒரு பையனின் உடல் வந்த அன்று நடந்தது என்னை விடமாட்டேன் என்கிறது. ஊர்ப் பென்ஷன்காரர்கள் வேட்டிக்கு மேலே பெரே தொப்பி வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், நாப்தலின் உருண்டை வாசனை அடிக்கிறது. யாரும் சொல்லாமலே உயர வரிசையில் நின்றார்கள். 'சோக் சஸ்த்ர்' என்று கமாண்ட் கொடுத்ததும் துப்பாக்கிகளெல்லாம் தலைகீழாகத் திரும்பின, அப்போதே பாதிப்பேருக்குத் தாடை ஆட ஆரம்பித்துவிட்டது. மூன்று சுற்றுச் சுட்டார்கள். கொடியை மடித்து அதிகாரி அப்பாவிடம் நீட்டினார். அந்த அப்பாவும் பட்டாளத்தில் நாயக்காக இருந்தவர். இரண்டு கையையும் நீட்டி வாங்கவேண்டிய நேரத்தில், கை தானாக மேலே போய் அதிகாரிக்கு சல்யூட் அடித்துவிட்டது. அடித்த கை கீழே இறங்கவில்லை. அதிகாரி கொடியோடு அப்படியே நிற்கிறார், இவர் சல்யூட்டோடு அப்படியே நிற்கிறார். கடைசியில் பையனின் சித்தப்பா வந்து அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார். நான் அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆள். அந்த முழங்கை அதிர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது.

குடியாத்தம் சுபேதார் (ஓய்வு):

எல்லாரும் நல்லா எழுதுகிறீர்கள். நான் நடைமுறையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து வாங்குகிற வரிசையில் ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கையில் இருந்த கார்டில் என் பழைய நண்பன் பெயர். அவன் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும், போய் மூன்று வருடம் ஆகியிருந்தது, அந்தம்மா அதுவரை குறைந்த பென்ஷனே வாங்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து எனக்கு ஒரே வேலை இதுதான்.

முதலில், சத்துவாச்சாரி தம்பி, வீரமரணம் என்ற வார்த்தை ஆவணத்திலேயே கிடையாது. பேட்டில் கேஷுவல்டியா (சண்டையில் போனதா), பிசிகல் கேஷுவல்டியா (மற்றபடி போனதா), அவ்வளவுதான் எழுதுவார்கள். வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு வரியில்தான். எதிரி நடவடிக்கையில் போனதாக எழுதினால் லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன், கடைசியாக வாங்கிய சம்பளம் முழுசாக வரும். பணியின் காரணமாக என்று ஒத்துக்கொண்டால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், அந்தச் சம்பளத்தில் 60 சதவீதம். இரண்டும் இல்லாமல் சாதாரணம் என்று போய்விட்டால் முதல் பத்து வருடம் 50, அப்புறம் 30. அதனால் கூட இருந்தவன் செய்யவேண்டிய முதல் அஞ்சலி, விசாரணையில் நடந்ததை நடந்தபடி தெளிவாகச் சாட்சி சொல்வது. டியூட்டியில் போனானா, எந்த ஆர்டரில் போனான், வண்டியில் என்ன லோடு, எல்லாம். அங்கே மென்று முழுங்கிவிட்டு வருடா வருடம் படத்துக்கு மாலை போட்டு என்ன பிரயோஜனம்?

அடுத்தது பெயர். ரெக்கார்ட்ஸில் (பட்டாள ஆவண அலுவலகத்தில்) ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து, பேங்கில் ஓர் எழுத்து என்று இருந்தால் ஸ்பர்ஷ் என்கிற பென்ஷன் இணையதளம் ஒத்துக்கொள்ளாது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன் ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு நகல் கொடுங்கள். நவம்பரில் வாழ்நாள் சான்று. வயசான அம்மாக்களுக்கு விரல் ரேகை விழாது, கூடப் போங்கள். டெல்லி போகிற யாராவது இருந்தால் தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் கிரானைட் சுவரில் ஒவ்வொருவர் பெயராக வெட்டியிருக்கிறார்கள், 2019இல் திறந்தது. நம் ஆள் பெயர் அங்கே இருந்தால் வீட்டுக்காரர்களை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்த் தொடச் சொல்லுங்கள். ஆற்காட்டு மகளே, அப்பா பெயர் அங்கே இருக்கும், போய்ப் பாரம்மா. அப்புறம், காரியத்தன்று கூட்டமாகப் போகாதீர்கள், அன்றைக்கு யார் வந்தார் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் போங்கள். அந்த வருடம் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது, தீபாவளிக்கு முந்தின நாள் போய் உட்காருங்கள்.

சத்துவாச்சாரி:

கம்மவான்பேட்டை, நான் எழுதிய அந்த முதல் வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சியாச்சினை நான் யோசிக்கவில்லை. வாட்சைப் பற்றி எழுதியது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

ஆற்காட்டு மகள்:

சுபேதார் ஐயா, போவேன். பையனுக்குப் பரீட்சை முடியட்டும்.

கணியம்பாடிக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன். கடுகை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, புளி போட்டுத் தேய்த்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். அந்தம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கையில் கொடுத்தேன். திருப்பி அடியில் விரலால் தடவிப் பார்த்தார், அந்தப் புள்ளி எழுத்துகள் மேலே விரல் இரண்டு தடவை போய் வந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதைச் சொன்னேன். ஒன்பது பேர் தின்றோம் என்றதும், "ஒம்போது பேருக்கும் போதுமாயிருந்திச்சா?" என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சம் வந்தது என்றேன். காரம் அதிகமா என்றார். சரியாக இருந்தது அம்மா என்றேன்.

அப்புறம் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார், அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. "இது என்து இல்லியே. யாருதுப்பா இந்த மூடி?"

எனக்கும் தெரியவில்லை, பட்டாள பேரக்கில் எப்போதோ கைக்குக் கிடைத்தது. அந்தம்மா உள்ளே போய் ஒரு பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து எடுத்துவந்து, டப்பா வாயைச் சுற்றி ஒரு மடிப்புக் கொடுத்து, அதற்கு மேலே மூடியை வைத்து அழுத்தினார். உட்கார்ந்துகொண்டது.