ஆய்வுக்காகக் களத்தில் இறங்கியபோது உங்களை மடக்கிய கேள்வி எது?

வாலாஜாவாசி:
டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், பாலாற்றங்கரை ஊர்களின் தண்ணீரைக் கெடுத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். எது எதற்குக் காரணம் என்று தரவிலிருந்து கண்டறியும் காரண-விளைவு முறைகளில்தான் என் பிஎச்டி. ராணிப்பேட்டை பக்கம் ஒரு வீட்டில் கேள்வித்தாளை மடிக்கும்போது ஆயா கேட்டார்: "இவ்ளோ கேட்டியே, இந்தக் கை அரிப்பு டேனரித் தண்ணியாலதான் வந்துச்சா, இல்லையா?"

"தொடர்பு இருக்கலாம் ஆயா, அதுதான் காரணம்னு சொல்ல முடியாது" என்றேன்.

ஊரிலிருந்து வந்திருந்த தங்கையைக் கூப்பிட்டார். அவர் கையை இழுத்துத் தன் கையோடு ஒட்டி வைத்தார். ஒன்று கறுத்து வெடித்திருந்தது, இன்னொன்று வழவழவென்று. "ஒரே வயித்துல பொறந்தோம். இவள ஆரணில குடுத்தாங்க, என்னை இங்க. இவ இங்க வந்திருந்தா இந்தக் கை இன்னா ஆயிருக்கும்?"

புள்ளியியலாளர் ரூபின் 1974-இல் எழுதிய கட்டுரையின் மையமே அதுதானே! இங்கே வாழ்ந்தால் ஒன்று, வாழாவிட்டால் இன்னொன்று என்று ஒரே ஆளுக்கு இருக்கக்கூடிய இரண்டு நிலைகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். எங்களுக்கு அது புரிய ஒரு செமஸ்டர் ஆனது.

சத்துவாச்சாரி:
வயிறு ஒன்று, புகுந்த வீடு வேறு. ஆரணி என்றால் பட்டுத் தறி வீடாக இருக்கும். கை சொரசொரப்பாக இருந்தால் இழை சிக்கும், அதனால் அங்கே கையைப் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீரை மட்டும் எப்படிப் பிரிப்பீர்கள்? அப்புறம், அந்த "சொல்ல முடியாது" எரிச்சலாக இருக்கிறது. டேனரிக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், கெடுதல் இல்லை என்று காட்டும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல் வைத்தது. நீங்கள் அதை ஆயா தலையில் கட்டுகிறீர்கள்.

வாலாஜாவாசி:
தறி வீடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோர்ட் முடிவெடுக்க வேண்டும், நான் அளக்க வேண்டும். இரண்டும் வேறு வேலை.

காட்பாடி அண்ணன்:
என்னை மடக்கியது ஒரு டாக்டர். "பி மதிப்பு வந்துடுச்சே, அப்புறம் என்ன சார்?" என்றார், அந்தப் புள்ளியியல் எண் சின்னதாக வந்தாலே காரணம் நிரூபணம் ஆகிவிட்டது போல. அவ்வளவுதான் என் கதை. தம்பிக்குச் சொல்கிறேன்: முதலில் எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறிப் படம் போடு. கைக்குக் கிடைத்த மாறிகளையெல்லாம் ரெக்ரெஷன் என்ற தொடர்புக் கணக்கில் கொட்டாதே. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எடுத்தால் புள்ளியியலாளர் பெர்க்சன் 1946-இல் காட்டிய சிக்கல் வரும், இல்லாத தொடர்பு முளைக்கும். ப்ரொபென்சிட்டி ஸ்கோர் (அளந்த விவரங்களில் ஒத்தவர்களை ஒப்பிட உதவும் மதிப்பெண்) போட்டாச்சு என்று நிம்மதியாக இருக்காதே, அளக்காததை அது சமப்படுத்தாது. அரிப்பு தாங்காமல் ஊரை விட்டே போனவர்கள் உன் கணக்கில் இருக்கிறார்களா? அவர்களைத் தேடு. முக்கியமாக, தீசிஸை இழுக்காமல் சீக்கிரம் சப்மிட் பண்ணு.

வாலாஜாவாசி:
அண்ணே, சப்மிட் பண்ணி வைவாவும் (வாய்மொழித் தேர்வு) முடிந்துவிட்டது.