அழுகை வந்தால் குரல் அடைக்கிறது, ஞாயிறு நடிகர் தேர்வு

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். எனக்குப் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. ஊர் நாடகக் குழுவின் புது நாடகத்துக்கு வர்ற ஞாயிறு நடிகர் தேர்வு. மகனைப் பறிகொடுத்த அம்மா வேஷம், 2 நிமிஷத் தனி வசனம். "சோறு போட்டு வெச்சிருக்கேன் சாமி, வந்துரு" என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்து, "வந்துரு" வெறும் காற்றாகப் போகிறது. 3 வாரமாக இப்படித்தான். அதுவரை குரல் கணீரென்று இருக்கிறது.

வெந்நீர், மூச்சுப் பயிற்சி, போனில் பதிவு செய்து கேட்பது எல்லாம் பார்த்தாச்சு. அழாமல் சொன்னால் கடைசி வரிசைக்கும் கேட்கிறது, ஆனால் வசனம் செத்துவிடுகிறது. மைக் கிடையாது, தகரக் கூரை போட்ட ஹால். இந்த வேஷத்தை விட மனசே இல்லை.

மேடையில் அழுது நடித்தவர்கள் சொல்லுங்கள்: அழுகையை அடக்காமல், கடைசி வார்த்தை வரை குரலை எப்படிப் பிடித்து நிறுத்துவது?