உரச் சாக்கு விரிப்பும் ஆற்றோடு போன குழம்புச் சட்டியும்: கூடாரம் போட்டுத் தங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

பீடோர் மருமகள்:
சென்ற தீபாவளி விடுமுறையில் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள லாத்தா கிஞ்சாங் அருவிக்கரையில் இரண்டு இரவு தங்கினோம். கூடாரம் தங்கையிடம் இரவல் வாங்கியது. தரைவிரிப்புக்குக் கடையில் நாற்பது வெள்ளி சொன்னதால், என் மாமியார் தோட்டத்திலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்த காலி உரச் சாக்குகளைப் பிரித்து, மூன்று தண்ணீரில் அலசி, கோணி ஊசியால் மூட்டிக் கொடுத்தார். அதன்மேல் படுத்தால் முளைத்துவிடுவோமா என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். இரவு இரண்டு மணிக்கு மழை கொட்டியபோது சின்னவன் என்னை எழுப்பி, "அம்மா, தரை அசையுது" என்றான். கையை வைத்துப் பார்த்தால், தண்ணீர் நிரப்பிய பையைத் தொட்டதுபோல் தரை தளும்பியது. பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் டார்ச் விளக்கோடு வந்து பார்த்து, விரிப்பு நான்கு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகவும், மேல்கூரையில் வழிகிற மழையை அதுவே பிடித்து அடியில் விடுவதாகவும் சொல்லி, ஓரங்களை உள்ளே மடித்துவிட்டுப் போனார். மாமியார் விடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். தம்முடைய தையல்தான் கோளாறு என்று அவர் இன்றும் நினைக்கிறார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தாப்பா லாரிக்காரர்:
சாக்கைக் குறை சொல்லாதீர்கள். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. என் கதை வேறு. தங்கும் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, யாரும் காசு கேட்காத ஓர் ஆற்றங்கரையில் இறங்கினோம். மாலை நான்கு மணிக்கு எங்கள் பக்கம் நல்ல வெயில். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தபோது தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அக்கரையில் நின்ற ஓராங் அஸ்லி (பூர்வகுடி) இளைஞர் மலையைக் காட்டிக் கத்திய பிறகுதான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். கெப்பாலா ஆயர், அதாவது மலையில் பெய்த மழையால் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், வந்து போன சில நிமிடங்களில், மூடிகூடக் கழலாமல் எங்கள் கோழிக் குழம்புச் சட்டி நிமிர்ந்தபடியே மிதந்து போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ரப்பர் பால்வெட்டுக்காரர்:
எனக்கு நேர்ந்தது சிறிய விஷயம்: இரண்டாம் நாளே கேஸ் டின் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, வாசலில் இருந்த கடையில் இரட்டை விலை கொடுத்து இன்னொன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து குலுக்கிப் பார்த்தால் பழைய டின்னில் பாதி இருந்தது. நெடுநேரம் எரிந்தால் டின் குளிர்ந்து தீ மட்டுப்படும். அடுப்பை அணைத்துச் சற்றுநேரம் விட்டுவைத்தால் பழையபடி எரியும். அதற்காக டின்னை நெருப்பருகில் வைத்துவிடாதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள். மற்றபடி யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், செலவு சாப்பாட்டில்தான் இருக்கிறது. ஐஸ்கட்டி வாங்க வேண்டியதில்லை. குடிநீர்ப் போத்தல்களை முந்தின நாளே உறையவைத்து மீன், கோழியோடு பெட்டியில் அடுக்கினால், உருக உருகக் குடிக்கவும் ஆகும். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கிளறிய புளிச்சோறு முதல் நாளுக்குப் போதும். சார்டின் டின்னும் வெங்காயமும் இருந்தால் மறுநாளைப் பற்றிக் கவலையில்லை. பள்ளி விடுமுறையானாலும் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிட்டு வாரநாளில் போனால் கூட்டமும் குறைவு.

சுங்காய் ஆசிரியை:
லாரிக்கார அண்ணனின் வாய்க்கால் யோசனையை நான் ஏற்கவில்லை. வேரை அறுத்து மண்ணை இளக்கிவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அடுத்த மழையில் அந்த மண் ஆற்றுக்குத்தான் போகும். மேடான இடமாகப் பார்த்துக் கூடாரம் போட்டால் போதும். இலவச இடத்தைப் பற்றி அவரே அனுபவத்தில் சொல்லிவிட்டார். 2022 டிசம்பர் 16 விடிகாலையில் பத்தாங்காலியில் கூடாரங்களின்மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் இறந்த பிறகு, பின்னால் செங்குத்தான சரிவு இருந்தால், கட்டணம் கொடுத்த இடமானாலும் நாங்கள் தங்குவதில்லை. எங்கள் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழைக்காலம் என்பதால், தீபாவளி விடுமுறையில் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்குப் பகலில் போய் முட்டை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு சரி.

பீடோர் மருமகள்:
நேற்று அந்த விரிப்பை மாமியாரிடம் கொடுத்து, கூடாரத்தின் அடிப்பரப்பைவிட நாலு விரல் உள்ளே அடங்கும்படி ஓரங்களை மடித்துத் தைக்கச் சொன்னேன். யார் சொன்ன யோசனை என்று கேட்டார். பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் அன்றிரவே சொன்னது என்றேன். "அப்படியானால் அவரும் தோட்டத்து ஆள்தான்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.